மூன்றாம் மாடியில் இரண்டாவது குடும்பம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு என் கணவர் என்னைவிட்டுப் பிரிந்து தனிக்குடும்பம் ஆனார்.

கலியாணமாகி முப்பத்தொன்பது வருடம். பிரிந்துபோன தூரம் பதினொரு அடி. சமைக்கிற குசினிக் கதவிலிருந்து பின் பல்கனி வரைக்கும். அளந்ததும் அவர்தான். நில அளவைத் திணைக்களத்தில் படம் கீறி, பென்சனில் இளைப்பாறியவர். அளக்காமல் எங்கேயும் போக மாட்டார்.

எங்களுக்குள் சண்டை இல்லை. குடி இல்லை. வேறு பெண்ணும் இல்லை. இருந்தாலும் இந்த மூன்றாம் மாடிக்கு அவள் ஏறி வரமாட்டாள். எங்கள் லிப்ட் கிழமையில் நாலு நாள்தான் வேலை செய்யும்.

காரணம் மீன்.

எங்கள் மகன் பிரியந்தன் பிரான்சுக்குப் போய் ஒன்பது வருடம். இன்னும் விசா கிடைக்கவில்லை. கேஸ் இரண்டு தரம் தள்ளுபடியாகிவிட்டது. மூன்றாம் தரம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். மகள் உஷாந்தி மெல்பேணில் புருசன் பிள்ளைகளோடு நல்லாயிருக்கிறாள். அவளுக்காக நான் நன்றி சொல்லிக் கும்பிடுவேன். இவனுக்காக அழுது கும்பிடுவேன். அழுகிற பிள்ளைக்குத்தானே தாய் கூட நேரம் கொடுப்பாள். எங்கள் வீட்டில் அழுவது தாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன தைவெள்ளியன்று எங்கள் வெள்ளவத்தை அம்மன் கோயிலில் நின்று நேர்ந்துகொண்டேன். "அம்மாளாச்சி, என்ர பிள்ளைக்கு விசா கிடைக்கும் மட்டும் என்ர குடும்பத்துச் சட்டியில மச்சம் ஏறாது." மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டையும் இல்லை.

நேர்ந்தது நான். பசித்தது இவர்.

முதல் மாதம் இவரும் பக்தியாகத்தான் இருந்தார். "பிள்ளைக்காக இதுகூடச் செய்யாட்டில் நாங்கள் என்ன தாய் தேப்பன்" என்று எனக்கே புத்தி சொன்னார். இரண்டாம் மாதம் கத்தரிக்காயை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினார். நாலாம் மாதம் பின்னேரங்களில் கடற்கரைக்கு நடக்கப் போனார். தேகாப்பியாசம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கருவாடு காயப்போட்ட இடத்தில் காற்று வாங்குகிறாராம். கடையில் போய்ச் சாப்பிடவும் வழியில்லை. களுபோவிலை ஆஸ்பத்திரியில் டொக்டர் இவருடைய வயிற்றுக்குள் கமெரா விட்டுப் பார்த்து, வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். வீட்டில் மீன் இல்லை. வெளியில் சாப்பாடே இல்லை. மனுசனுக்கு இரண்டு பக்கமும் மதில்.

பத்தாம் மாதம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வாசல் மணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம் நிரப்புகிற டெப், தலையில் முக்காடு, தும்மல் தடிமனுக்காக மூக்கை மூடிய மாஸ்க். அதற்குமேல் இரண்டு நல்ல கண். மஸாஹிரா என்று பெயர் சொன்னாள். நாட்டில் ஆட்களை எண்ணுகிற குடிசனத் தொகைமதிப்புக்கு வந்த பிள்ளை. அன்றைக்கு வீடுகளைப் பட்டியல் போட மட்டும்தானாம். விபரம் எடுக்கப் பிறகு வருவாளாம்.

"ஆன்ட்டி, இந்த வீட்டுல எத்தின குடும்பம் ஈக்கிற?"

நான் வாய் திறக்க முதல் இவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். படிவம் என்றால் இவருக்குச் சர்க்கரைப் பொங்கல். இளைப்பாறிய பிறகு ஒருவருமே இவரிடம் ஒரு படிவம் நீட்டவில்லை.

"குடும்பமெண்டால் நீங்கள் ஆரைச் சொல்லுறியள் பிள்ளை? வரைவிலக்கணம் ஒண்டு இருக்குமே?"

"ஈக்கி அங்கிள். ஒண்டாச் சமைச்சு ஒண்டாச் சாப்பிடுற ஆக்கள் ஒரு குடும்பம்."

"ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு சமையல் எண்டால்?"

"ரெண்டு குடும்பம்."

"புருசன் பெண்சாதியெண்டாலும்?"

"நாங்க சொந்தம் பாக்கிறல்ல அங்கிள். சட்டியத்தான் பாக்கிற."

"ஒரேயொரு ஆள். அவருக்கு ஒரு தனிச் சட்டி. அப்ப?"

"அதுவும் ஒரு குடும்பந்தான்."

இவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மூத்த பிள்ளை பிறந்தபோதும் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"அப்ப எழுதுங்கோ," என்றார். "ரெண்டு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் டெப்பைப் பார்த்தார். பத்தேகால்.

அந்தப் பிள்ளை படியிறங்கிப் போனதும் கேட்டேன்.

"என்னப்பா இது?"

"திலகம், நீர் கோயில்ல என்னெண்டு நேந்தனீர்? சொல்லுக்குச் சொல் சொல்லும் பாப்பம்."

"என்ர குடும்பத்துச் சட்டியில மச்சம் ஏறாது எண்டு."

"ஆற்ற குடும்பம்?"

"என்ர."

"அவ்வளவுதான் விசயம். நான் இண்டையில இருந்து வேற குடும்பம். அரசாங்கமே பதிஞ்சிட்டுது. என்ர சட்டியில விளைமீன் கொதிச்சால் உம்மட நேர்த்திக்கு ஒரு கீறல்கூட விழாது."

"அம்மாளாச்சி அரசாங்கத்தின்ர பதிவைப் பாக்கிறவவோ?"

"பாக்காட்டில் அது அவவின்ர பிழை. அவவும் இந்த வட்டாரத்துக்குள்ளதானே இருக்கிறா!"

அன்று பின்னேரம் விளக்குக் கொளுத்தும்போது இரண்டு திரி கூடப் போட்டேன். இவருக்கு இது சட்டப் புள்ளி. எனக்கு அது பிள்ளையின் விசா. பத்து மாதமாகச் சேர்த்துவைத்த பசியெல்லாம் ஒருநாள் மீன்குழம்பில் கரைந்துபோனால், மூன்றாவது தரமும் பிரான்சுக் கோர்ட்டில் இல்லையென்று சொல்லிவிட்டால், நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது? இவரிடமா? பல்கனியிலா?

ஆனால் இவரோடு வாதாடி நான் ஒருநாளும் வென்றதில்லை. அதனால் சரியென்று விட்டேன். ஒரு சொல் பிசகாமல் சரியென்று விட்டேன்.

அடுத்தநாள் காலமை மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி எங்க?"

"எந்தக் குடும்பத்துக்கு?"

"என்ன கதை இது? தேத்தண்ணியும் சமையலோ?"

"கேத்தில் என்ர. தேயிலை என்ர. சீனியும் என்ர. நான் போட்டுத் தந்தால் ஒண்டாச் சாப்பிட்டதாப் போயிடும். அந்தப் பிள்ளை திரும்பி வந்து கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டன்."

"ஒரு மிடறு தேத்தண்ணியில ஒரு குடும்பம் அழிஞ்சு போகுமோ?"

"உங்கட குடும்பம் நேத்துத்தானே பிறந்தது அப்பா. பச்சை உடம்பு. கவனமாப் பாக்க வேணும்."

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மெய்யாகத்தான் சொன்னேன். ஆனால் இவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிய சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

காலி வீதிக்குப் போய், "மல்லி, பொடி லிபக் தெந்ந" என்று சிங்களத்தில் கேட்டு, ஒற்றை அடுப்பொன்று வாங்கிவந்தார். ஒரு சட்டி. ஒரு அகப்பை. ஒரு சோற்றுக் கோப்பை. குசினி வாசலில் வெண்கட்டியால் ஒரு கோடு. கோடு நேரோ நேர். வேலை தெரிந்த கை. கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று, "இதுதான் எல்லை" என்றார். எல்லைக்கு அந்தப்பக்கம் தண்ணீர்க் குழாய் இல்லை என்பது பின்னேரம்தான் அவருக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு ஜெயராணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணை பின்னால தனிய நிண்டு என்ன செய்யிறார்?"

"குடும்பம் நடத்துறார்."

"தனியவோ?"

"ஓம். அதுக்கு ஒரு ஆளே காணுமாம்."

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் அக்கா," என்றாள் ஜெயராணி. "நாலு பேர் இருக்கிறம். நடத்துறது நான் ஒராள்."

முதல் நாள் இவர் முழு மீன் வாங்கிவந்தார். வெட்டத் தெரியாது. பல்கனிச் சுவரில் வைத்துவிட்டுக் கத்தி தேடிப் போனார். வெள்ளவத்தைக் காகங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கத்தியோடு திரும்பி வந்தபோது வால் மட்டும் மிஞ்சியிருந்தது. வாலையும் இவர் வெட்டிப் பார்த்தார், பாவம். நான் உள்ளே அம்மனுக்கு ஒரு செவ்வரத்தம்பூ கூட வைத்தேன்.

இரண்டாவது முறை, மீன்கடை ஜாபிர் தம்பி வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டான். அப்போது கறித்தூள் இல்லை.

"திலகம், ரெண்டு கரண்டித் தூள் தாரும்."

"என்ர தூளோ?"

"உலகத்தில வேற தூள் இருக்கோ?"

அந்த ஒரு வசனத்துக்காக நான் கொஞ்சம் கரைந்துதான் போனேன். செத்தல் மிளகாயும் மல்லியும் நானே வறுத்து, மில்லில் நின்று அரைப்பித்து வைத்திருக்கிற தூள். முப்பத்தொன்பது வருடத்தில் இவர் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

"தரலாம் அப்பா. ஆனால் என்ர தூள் போட்டால் அது என்ர சமையல். என்ர சமையலெண்டால் அதில மச்சம் ஏறக்கூடாது. நீங்கள்தானே சொல்லுக்குச் சொல் பாக்கச் சொன்னனீங்கள்?"

கடைத்தூள் வாங்கிக் காய்ச்சினார். நிறம் மட்டும் சிவப்பு. அகப்பையில் அள்ளி மணந்து பார்த்தவர் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தச் சட்டி அப்படியே காகத்துக்குப் போனது. அன்றைக்குக் காகமும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றபடி கேட்டார்.

"உங்கட வீட்டில இண்டைக்கு என்ன சமையல்?"

"முருங்கைக்காய்க் குழம்பு. பருப்பு. வல்லாரைச் சம்பல்."

"ஒரு வீட்டுக்கு விருந்தாளியா வந்து சாப்பிட்டால் குடும்பம் மாறாதுதானே?"

வாசலில் பசியோடு நிற்கிறவருக்குச் சோறு போடாமல் விட்டால் அதுவும் பாவம். போட்டேன். விருந்தாளி அன்றைக்கு மூன்று தரம் சோறு வாங்கினார். இராவும் வந்தார். அடுத்த நாளும் வந்தார். மூன்று கிழமை வந்தார். "இந்த வீட்டில சம்பலுக்கு உப்புக் காணாது" என்று குறையும் சொன்னார். எந்த ஊர் விருந்தாளி அப்படிச் சொல்லுவான்? இவருடைய சொந்தச் சட்டியில் அந்த மூன்று கிழமையும் கொதித்தது சுடுதண்ணி மட்டும்தான்.

ஆனால் மனுசன் தோற்றுப்போகவில்லை. மஸாஹிரா விபரம் எடுக்க வருவதாகச் சொன்ன வியாழக்கிழமைக்குத்தான் பார்த்திருந்தார். அதிகாரி வரும்போது தன் அடுப்பில் மீன் கொதித்தபடி இருக்க வேண்டும். கண்ணுக்கு நேரே சாட்சி. அதற்குப் பிறகு ஆர் என்ன சொல்ல முடியும்?

அந்த முறை எல்லாம் சரியாகச் செய்தார். ஜாபிர் தம்பி துண்டுபோட்ட விளைமீன். ஜெயராணியிடம் வாங்கிய வீட்டுத்தூள். அவளுடைய தூள் கிட்டத்தட்ட என் தூள்தான்; செய்முறை நான் சொல்லிக் கொடுத்தது. என் தலையில் நானே மண் போட்டிருக்கிறேன். வெங்காயம் வதங்கியது. புளி விட்டார். மீன் இறங்கியது. மணம் குசினிக்குள் வந்து, கோட்டைக் கடந்து, சாமியறை வரைக்கும் போனது.

நான் அம்மன் படத்துக்கு முன்னால் இருந்தேன். தேவாரம் வாயில் வரவில்லை. "தாயே, நான் நேர்த்தியைப் பிடிச்சுவைச்சன். என்னால இவ்வளவும்தான் ஏலும். மிச்சத்தை நீ பார்" என்று மட்டும் சொன்னேன். இன்னும் பத்து நிமிடத்தில் இவர் அந்தக் குழம்பை இந்த வீட்டுக்குள் இருந்து சாப்பிடப் போகிறார். பத்து மாதம் முடியப் போகிறது.

வாசல் மணி அடித்தது.

மஸாஹிரா உள்ளே வந்தாள். தடிமன் இன்னும் விடவில்லை; மாஸ்க்கும் விடவில்லை. இவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, சேர்ட்டை மாற்றிக்கொண்டு, சீப்பால் தலை இழுத்துக்கொண்டு வந்து கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் குசினி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தேன்.

"முதல்ல வீட்டப் பத்திக் கேக்கிறேன் அங்கிள். கூரை என்னத்தால செஞ்ச?"

"நல்ல கேள்வி. கூரையெண்டு நீங்கள் எதைச் சொல்லுறியள்? மூண்டாம் மாடிக்குக் கூரை எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை. எங்களுக்கு மேல இருக்கிறது நாலாம் மாடிக்காரரின்ர நிலம்."

"கொங்கிறீட்தானே அங்கிள்?"

"பொருள் கொங்கிறீட். ஆனால் தொழில் எண்டு பாத்தால்…"

பல்கனியிலிருந்து இலேசாக ஒரு வாசம் மாறியது. குழம்பு வற்றும் வாசம். முப்பத்தொன்பது வருடம் அடுப்படியில் நின்ற மூக்கு, சொல்லித்தரத் தேவையில்லை.

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"கக்கூஸ் உங்கட குடும்பத்துக்கு மட்டுமா, வேற குடும்பத்தோட பங்கா?"

"பங்கு," என்றார் இவர். என் பக்கம் பார்க்கவில்லை. "அந்தக் குடும்பம் காலமையில உள்ள போனால் லேசில வெளியில வராது. அதையும் எழுதலாமோ?"

"அதுக்கு எடமில்ல அங்கிள். வீடு சொந்தமா, வாடகையா?"

இவர் இருமினார்.

வீடு என் பெயரில். என் அப்பா சுன்னாகத்துக் காணியை விற்றுத் தந்த சீதனத்தைக் கொடுத்து வாங்கிய வீடு. ஆன்ட்டியின் குடும்பத்துக்குச் சொந்தம் என்று மஸாஹிரா ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"உங்கட குடும்பம் வாடகை கட்டுறதா?"

"இல்லை."

"அப்ப… வாடகை இல்லாம, சொந்தக்காரர்ட அனுமதியில குடியிருக்கிறது."

"அப்பிடியெண்டு கட்டாயம் போடத்தான் வேணுமோ?"

"வேற எடத்துல அமத்தினா டெப் அடுத்த பக்கத்துக்குப் போகுதில்ல அங்கிள்."

வற்றும் வாசம் போய், அடிப்பிடிக்கும் வாசம் வந்துவிட்டது. இவருக்கு மணக்கவில்லை. பத்து மாதம் மீன் தின்னாதவரின் மூக்குக்கு மீனென்றால் எல்லாம் ஒரே மணம்தான்போலிருக்கிறது. அதைவிட, யாரோ ஒருவர் எதிரே இருந்து கேள்வி கேட்க, இவர் பதில் சொல்லுகிறார். இளைப்பாறிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு.

"சாப்பாடு எல்லாம் தனியத்தானே அங்கிள்?"

"தனிய. இடைக்கிடை அந்த வீட்டுக்கு விருந்தாளியாப் போறனான்."

"இடைக்கிடைண்டா?"

இவர் என்னைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார். நான் என்ன செய்ய? விளக்குக்கு முன்னால் இருந்து எழும்பி வந்தவள், பொய் சொல்ல ஏலாது.

"காலமை, மத்தியானம், இரவு," என்றேன்.

மஸாஹிரா தட்ட எடுத்த விரலை மடக்கினாள். "சரி, அத பொறவு பாப்போம். ஆன்ட்டி, உங்கட குடும்பத்துல வழமையா இந்த வீட்டுல ஈக்கிற ஆக்கள்ட பேரச் சொல்லுங்க."

"திலகவதி இராசரத்தினம்."

"அடுத்தது?"

"பிரியந்தன்."

"அவரு இப்ப வீட்டுலயா?"

"பிரான்சில."

"எவ்வளவு காலம்?"

"ஒம்பது வருசம்."

அவளுடைய விரல் நின்றது. "ஆறு மாசத்துக்கு மேல வெளிநாட்டுல ஈக்கிற ஆக்கள இங்க எண்ண ஏலா ஆன்ட்டி. அவரு ஈக்கிற நாட்டுலதான் எண்ணுவாங்க."

"அங்க அவனுக்கு விசா இல்லைப் பிள்ளை. ஆரும் கதவைத் தட்டினால் லைற்றை நிப்பாட்டிப்போட்டு மூச்சுவிடாமல் இருப்பன் எண்டு சொன்னவன். அவனை ஆர் எண்ணுறது?"

அவள் டெப்பில் மேலும் கீழும் இழுத்துத் தேடினாள். படிவத்தில் அதற்குப் பதில் இருந்திராது.

இவர் கதிரையில் அசைந்தார். "அப்ப அவனை என்ர குடும்பத்தில போடுங்கோ."

"உங்கட குடும்பத்திலயோ?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட குடும்பத்தில அவன் எங்க படுக்கிறது? பல்கனியிலயோ?"

"அவன் மச்சம் சாப்பிடுற பிள்ளை. உம்மட வல்லாரையைத் தின்னவோ வரப்போறான்?"

"அவன்ர கட்டில் என்ர அறையில கிடக்கு. அவன்ர சேட்டெல்லாம் என்ர அலுமாரிக்குள்ள கிடக்கு."

"அவன்ர பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்னட்டை இருக்கு!"

"பெத்தது நான்!"

"பதிஞ்சது நான்!"

"அங்கிள்… ஆன்ட்டி…" மஸாஹிரா மெல்லத்தான் சொன்னாள். "அவரு ரெண்டு குடும்பத்துலயும் இல்ல."

கரையோர ரெயில் ஒன்று போனது. அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டி நடுங்கி அடங்கின. இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். கோயிலில் எத்தனையோ தரம் அழுதிருக்கிறேன். அவனை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்று ஒரு வாய் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் ஒரு நல்ல பிள்ளையின் வாய்.

அப்போதுதான் மணம் ஒருவழியாக இவருடைய மூக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஐயோ!"

எழும்பி ஓடினார். கோடு அழிந்தது. பல்கனியில் சட்டி விழும் சத்தம். புகை வந்தது. பின்னாலேயே இவர் வந்தார். கையில் கரிச்சட்டி. அதற்குள் விளைமீன் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது.

"திலகம்! நீர் குசினி வாசலிலதானே இருந்தனீர்? உமக்கு மணக்கேல்லையோ?"

"மணந்தது."

"எப்ப இருந்து?"

"கூரை கேக்கேக்குள்ள இருந்து."

"பிறகேன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? எழும்பிப் போய் அடுப்பை நிப்பாட்டியிருக்கலாமே!"

"அது வேற குடும்பத்துச் சட்டி அப்பா," என்றேன். "அதில நான் எப்பிடிக் கை வைக்கிறது?"

அம்மாளாச்சி என்னை மன்னிக்க வேண்டும். ஒரு பாவத்தைத் தடுக்க இன்னொரு பாவம் செய்தேனோ, அல்லது ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புண்ணியமோ, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. விசாக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் இந்தப் பாவத்துக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

நேரம் ஒரு மணியாகிவிட்டது. சோற்றுக் கோப்பைகளை எடுத்துவைத்தேன். "பிள்ளையும் இருந்து சாப்பிடும். மரக்கறிதான், பயப்பிடத் தேவையில்லை."

மஸாஹிரா மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். பூசணிக்காய்க் கறி, பருப்பு, அப்பளம். இவர் கரிச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விருந்தாளி என்று ஒரு சொல் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பிள்ளை," என்றார் கடைசியில். "ஒண்டெண்டே போடுங்கோ."

"ஒரு குடும்பமா அங்கிள்?"

"ஒண்டு."

இடதுகையால் டெப்பை இழுத்துத் தட்டினாள். "அப்ப ஆன்ட்டிட குடும்பத்துல ரெண்டாவது ஆளா உங்களப் போடுறேன். தலைவருக்கு என்ன உறவு… கணவர். சரி." இன்னொரு தட்டு. நெற்றியைச் சுருக்கினாள். "அங்கிள், அன்டைக்குப் பதிஞ்ச ரெண்டாவது குடும்பத்த எடுக்கிறதுக்கு இது காரணம் கேக்குது. வீடு மாறினதா, நாட்ட விட்டுப் போனதா, மௌத்தானதா? இல்லாட்டி வேற காரணம் எழுதணும். என்னத்தப் போட?"

நான் இவருடைய கோப்பைக்குள் இன்னொரு அகப்பை பருப்பு விட்டேன்.

"பசியெண்டு போடுங்கோ பிள்ளை," என்றார்.